சுவருக்கு இந்தப் பக்கம்

பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்கச் சொல்வார்கள். நான் கதவைத் திறக்கச் சொல்வேன், அதுவும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவை. அங்கே உட்காருபவர் கால் நீட்டும் இடத்தில் மண்டியிட்டு, கன்னம் தரைவிரிப்பில் படும்படி தலையைச் சாய்த்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பட்டுப்புடவை எடுக்கும்போது பாட்டிமார் முந்தியைத் திருப்பி உள்புறத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. இழை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அப்படிப் பார்ப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த வண்டி டாட்சன் 240 இசட். ஜப்பானில் 1969-இல் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சாலைகளில் ஓடத் தொடங்கிய இரண்டு சீட் கார். நீண்ட மூக்கு. அதற்குள் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 2.4 லிட்டர் எஞ்சின். ஐம்பது வயதைத் தாண்டிய இந்த வண்டிகளை இன்றும் அமெரிக்காவில் பலர் கண்ணும் கருத்துமாகப் பேணுகிறார்கள். அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று வெளியே தெரியவே தெரியாது. இக்னிஷனின் ஒரு பகுதியை எஞ்சின் பக்கத்திலிருந்து எடுத்து, எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே நிற்கும் இரும்புச் சுவரான ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கம், ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவந்து மறைத்து வைப்பது. கைதேர்ந்தவருக்கு ஒரு பகல் பொழுது போதும். ஆனால் அந்தப் பகல் முழுக்க அவர் எடுக்கும் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் ரசிக்கத் தக்கவை.

அதை ரசிக்க, முதலில் எதை எதற்காக நகர்த்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். 240 இசட் வந்த காலத்தில், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் அதன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருந்தது. அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து மூடும் இரண்டு உலோகப் பொட்டுகள். மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபடும். காயிலின் காந்தப்புலம் சரியும். பல்லாயிரம் வோல்ட் எழும்பி பிளக்கின் நுனியில் பொறியாகத் தெறிக்கும். சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1910-ஆம் ஆண்டு காடிலாக்கில் வந்த முறை இது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது அந்தப் பொட்டுகள் நொடிக்கு 300 தடவை திறந்து மூடியாக வேண்டும். அதனால் தேயும், கருகும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எமரி காகிதத்தை மடித்து உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுத்து, வண்டியைக் கிளப்பிக் கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வண்டிகளின் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் காயில்களையும் செய்துகொடுத்த லூகாஸ் டிவிஎஸ் ஆலை இருப்பது சென்னைப் பாடியில். பாயிண்ட் என்ற சொல் நமக்கு அவ்வளவு பக்கத்துச் சொல்.

பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு முறை வந்தபோது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நட்சத்திர வடிவில் ஒரு சக்கரமும், அதன் முனைகள் கடந்துபோவதை உணரும் ஒரு பிக்கப் சுருளும் உட்கார்ந்தன. ஓட்டத்தை அறுக்கும் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் ஏற்றுக்கொண்டது. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அந்தப் பெட்டிக்குத் தேய்மானம் கிடையாது. ஆகாத பகை ஒன்று உண்டு: சூடு. பாயிண்ட் எண்ணெயிலும் புகையிலும் புழுங்கிக்கொண்டு வேலை செய்யும். டிரான்சிஸ்டர் செய்யாது. சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உள்ளே ஈயப்பற்று மயிரிழை அளவு வெடிக்கும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்றுபோகும். ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் நிறுத்தினால் கோளாறே காட்டாது. மனிதரை இவ்வளவு அலைக்கழிக்கும் நோய் காருக்கு வேறு இல்லை.

ஓடும்போது ரேடியேட்டர் வழியாகக் காற்று வருகிறது, ஃபேன் சுற்றுகிறது. நிறுத்திய பிறகுதான் ஆபத்து. காற்றும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. வார்ப்பிரும்பு தன் சூட்டையெல்லாம் பானெட்டுக்கு அடியில் கக்கும். இட்லிப்பானையின் அடுப்பை அணைத்தபிறகும் மூடியைத் திறக்காவிட்டால் உள்ளே வெந்துகொண்டே இருக்கும் அல்லவா, அப்படி. 240 இசட் எஞ்சினில் எக்ஸாஸ்டும் கார்புரெட்டரும் இடப்பக்கம், ஒன்றன்மேல் ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் வலப்பக்கம். ஆக வலப்பக்கம் சற்றுக் குளுமை. அதையும் தாண்டிக் குளுமையான இடம் எது என்று தேடினால், வலக்கோடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சேர்வோம்: இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பக்கத்து சீட்டுக்காரரின் வலதுகால் இருக்கும் மூலை. கண்ணாடி வெயில் அங்கே விழாது. மழைச்சாரல் எட்டாது. மனிதர் கால் வைத்துத் தாங்கக்கூடிய சூடுதான் அங்கே உச்சம்.

இக்னிஷன் ஆட்களோடு ஒரே அறையில் குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்யப்பட்ட கார். அதன் நான்கு சிலிண்டர்களுக்கும் தலைக்கு ஒரு காயில். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள். நான்கு பெட்டிகளும் ஒரு பெரிய பெட்டிக்குள் வரிசையாக. அந்தப் பெரிய பெட்டி பெரும்பாலான ஆண்டுகளில் இருந்த இடம் ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே, தடுப்புப் பலகையின் உள்பக்கம். ஒவ்வொரு காயிலின் தலையிலும் துடிக்கும் தகடு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுவதற்கு முன்பே ஒரு தகடு வண்டுபோல் ரீங்கரிக்கத் தொடங்கும். எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். மூடியைத் திறந்து, தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும். நன்றாக இருக்கும் சிலிண்டரின் தகட்டை அமுக்கினால் எஞ்சினின் ஓசை மேலும் தடுமாறும். எதை அமுக்கும்போது ஓசை மாறவில்லையோ, நோய் அங்கே. நாடி பிடிக்கும் வைத்தியம்தான். காயிலைக் கையாலேயே உருவி எடுத்து, பக்கத்துப் பெட்டியோடு மாற்றிச் செருகவும் முடியும். சூடும் சேறும் படாத இடத்தில் இருந்ததால்தான் அந்த மரப்பெட்டிக்கு இவ்வளவு பெருந்தன்மை. 1926 மாடலில் அது எஞ்சினின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அதில் இன்றும் ஒரு வருத்தம் உண்டு. ஓட்டுநரின் காதருகே பாடிக்கொண்டிருந்த ஒன்றை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு பல பத்தாண்டுகள் இக்னிஷன் முழுக்க வெளிப்பக்கத்து விவகாரமாகவே இருந்தது. சாவி மட்டும் உள்ளே. விலக்குகள் உண்டு. வோல்வோவின் அமேசான் கார்களில் சாவித்துளையிலிருந்து காயில் வரைக்கும் உலோகக் கவசம் போட்ட ஒரு கேபிள் ஃபயர்வாலைத் துளைத்துக்கொண்டு போகும். திருடன் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரை இழுத்து முறுக்கி வண்டியைக் கிளப்ப முடியாது. சாவியும் காயிலும் சுவரின் இரு பக்கமும் கைகோத்து நிற்கும் அந்த அமைப்பு முரட்டுத்தனமானது, ஆனால் அழகானது.

இன்னொரு விலக்கு நம் 240 இசட்டிலேயே இருக்கிறது. எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டருக்கு அந்தக் காரில் தனிச் செய்தி எதுவும் போவதில்லை. சாவியிலிருந்து காயிலுக்குப் போகவேண்டிய மின்சாரமே முதலில் டாக்கோமீட்டரின் முதுகுக்குப் போய், அங்கே ஒரு வளையம் சுற்றிவிட்டு, பிறகுதான் வெளியேறுகிறது. கறுப்பு-வெள்ளை ஒயரில் வந்தது பச்சை-வெள்ளை ஒயரில் திரும்பும். ஓட்டம் அறுபடும் ஒவ்வொரு தடவையையும் அந்த வளையத்திலிருந்து உணர்ந்து ஊசி நகரும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஓடம் எண்ணுகிறவரைப் போல. ஆகவே இக்னிஷனை உள்ளே கொண்டுவருகிறோம் என்று நாம் சொல்லும்போது, அது ஏற்கெனவே ஒருமுறை உள்ளே வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த வேலையைச் செய்கிறவருக்கு அந்த வழித்தடம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தெரியாமல் குறுக்குவழி போட்டால் எஞ்சின் ஓடும், ஊசி செத்துக் கிடக்கும்.

பெட்டியை உள்ளே வைக்கலாம் என்பதை டாட்சனைச் செய்த நிசானே சொல்லிக் கொடுத்தது. அமெரிக்காவுக்கு 1974-இல் வந்த 260 இசட்டில் மின்னணு இக்னிஷனின் பெட்டியை வடிவமைப்பாளர்கள் எஞ்சின் பக்கம் வைக்கவில்லை. ஆட்கள் பக்கம், கால்மாட்டுச் சுவரில் வைத்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிக்கப்பிலிருந்து சிவப்பும் பச்சையுமாக இரண்டு ஒயர்கள். சில ஆண்டுகள் கழித்து 280 இசட்எக்ஸில் பெட்டி சுருங்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அந்த டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துப் பழைய 240 இசட்டில் பொருத்துவது இன்று பரவலான வழக்கம். நன்றாகவே வேலை செய்யும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1971-ஆம் ஆண்டு வண்டியின் பானெட்டைத் திறந்ததும் கண் நேரே போய் அந்தக் கறுப்புப் பெட்டியில் முட்டும். பழைய நகையில் புதுக் கொக்கி மாட்டியது போல. பெட்டியை உள்ளே கொண்டுவருகிறவர் இந்த உறுத்தலையும் சேர்த்தே தீர்க்கிறார்.

நல்ல கை பட்ட வேலையில் நான் முதலில் தேடுவது துளையை. ஃபயர்வாலில் புதுத் துளை இருக்கக் கூடாது. தொழிற்சாலை போட்ட துளை ஒன்று, பெரிய ரப்பர் கிரோமெட்டோடு, ஒயர் கட்டைத் தாங்கிக்கொண்டு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் இன்னும் மூன்று நான்கு மெல்லிய ஒயர்களுக்கு இடம் பண்ண முடியும். பொறுமை வேண்டும். ரப்பரைச் சுடுநீரில் நனைத்த துணியால் இளக்கி, கொஞ்சம் சோப்பு தடவி, ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து முனையைக் கூராக்கி, ஊசியில் நூல் கோப்பது போல நுழைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் டிரில் எடுப்பார். ஐந்து நிமிடம் மிச்சம். ஆனால் வெட்டுப்பட்ட தகட்டின் விளிம்பு கத்தி. வண்டி அதிர அதிர ஒயரின் தோலை அது அறுத்துக்கொண்டே இருக்கும். துரு பிடிக்கவும் அங்கேதான் தொடங்கும். இந்த வண்டிகளுக்குத் துரு எப்படிப்பட்ட எமன் என்பது அவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது தொங்கல். துளைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒயர் கட்டு கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் இதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் ஒயர் வழியே வழிந்து வந்தாலும் அந்த வளைவின் அடிப்புள்ளியில் சொட்டி விழுந்துவிடும், உள்ளே ஏறாது. இரண்டு அங்குல ஒயர் கூடுதல் செலவு. அதை விட்டுவைத்தவர் மழையை மனக்கண்ணில் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகு முறுக்கு. பிக்கப்பிலிருந்து வரும் செய்தி மிகவும் மெலிந்த குரல். பக்கத்திலேயே பிளக் ஒயர்கள் பல்லாயிரம் வோல்ட்டில் கத்திக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூச்சல் இந்த முணுமுணுப்புக்குள் புகுந்தால் பெட்டி தவறான நேரத்தில் பொறியைத் தட்டிவிடும். சிவப்பையும் பச்சையையும் ஒன்றோடொன்று சீராகத் திரித்துவிட்டால், வெளிச்சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். முறுக்கின் அடர்த்தி தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி இருப்பதைப் பார்க்க வேண்டும். பூக்கட்டுகிற கை மல்லிகைக்கும் மல்லிகைக்கும் விடும் இடைவெளி மாறாது இல்லையா, அந்த ஒழுங்கு. பிளக் ஒயர்களைக் கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடந்துவிட வேண்டும். கூடவே இணையாக ஓடக் கூடாது. இரண்டு நிறங்களும் இடம் மாறிவிடாமல் பார்ப்பதும் முக்கியம். மாறினால் எஞ்சின் ஓடுவது போல ஓடும், நேரம் தவறித் திணறும். காரணம் தேடி கார்புரெட்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

உள்ளே வந்தால் பெட்டி. இப்போது பலரும் பயன்படுத்தும் மாட்யூல் தீப்பெட்டி அளவுதான். அமெரிக்கக் கார்களுக்காக எழுபதுகளில் செய்யப்பட்ட நான்கு முனை மாட்யூல். அதற்கும் சூடு வரும். உண்டாகும் சூடு வெளியேற வழி வேண்டும். அதனால் துடுப்புகள் வைத்த அலுமினியக் கட்டியின் மேல், வெப்பப் பசையைப் பூசி உட்கார வைக்கிறார்கள். பசையின் பூச்சு தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெலிதாக இருக்க வேண்டும். அப்பிவைத்தால் பசையே தடையாகிவிடும். துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். சூடான காற்று மேலே போகும் வழி அதுதான். தரைவிரிப்புக்கு அடியில் திணித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எஞ்சின் சூட்டிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து கம்பளியைப் போர்த்திவிட்ட கதை.

எர்த். இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். எஞ்சின் பக்கத்தில் எதைத் தொட்டாலும் இரும்பு. உள்ளே வந்தால் பிளாஸ்டிக், வினைல், பெயின்ட். மாட்யூலின் உடம்புதான் அதன் எர்த். பக்கச்சுவரின் பெயின்டின் மேல் திருகிவிட்டு எர்த் கிடைத்துவிட்டது என்று நம்பக் கூடாது. நல்ல கை தனியாக ஒரு கறுப்பு ஒயரை எடுத்து, பெயின்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் பல் வைத்த வாஷரோடு முறுக்கி, மேலே கிரீஸ் தடவி மூடியிருக்கும். அந்த ஒரு திருகைப் பார்த்தாலே மீதி வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது, நகர்த்தாமல் விட்டதுதான். பெட்டி உள்ளே வந்துவிட்டதே, காயிலையும் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று தோன்றும். காயிலும் சூட்டில் வாடுவதுதானே? ஆனால் காயிலை உள்ளே கொண்டுவந்தால், பல்லாயிரம் வோல்ட் தாங்கும் தடித்த ஒயர் ஒன்று இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் வரை நீள வேண்டும். உயர் அழுத்தம் நீண்ட பயணத்துக்கு உகந்தது அல்ல. போகிற வழியெல்லாம் இரும்பை நோக்கித் தாவப் பார்க்கும். ஒயர் நீள நீள அதன் வலுவில் ஒரு பங்கு வழியிலேயே கரையும். ரேடியோ இரையும். ஆட்களின் முழங்கால் அருகே அது வேண்டாம். குறைந்த வோல்ட் ஒயர் பத்தடி ஓடினாலும் பாதகமில்லை. இந்த வேறுபாட்டை அறிந்த கை, மூளையை மட்டும் உள்ளே அழைத்து, முஷ்டியை வெளியிலேயே நிறுத்துகிறது. காயில் தன் பழைய பட்டையில், வலப்பக்க உட்சுவரில் அப்படியே இருக்கிறது. அதன் அருகே வெள்ளைப் பீங்கான் நிறத்தில் பாலஸ்ட் ரெசிஸ்டரும் பழைய இடத்தில் இருக்கிறது. மாட்யூல் தானே ஓட்டத்தை அளந்து கொடுப்பதால் அதற்கு இப்போது வேலை இல்லை. அதற்கு வந்த பச்சை-வெள்ளையையும் அதிலிருந்து போன கறுப்பு-வெள்ளையையும் ஒன்றாக இணைத்தாகிவிட்டது. ஆனாலும் அதைக் கழற்றி எறியவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்குத் திண்ணையில் அவர் இடத்தை அப்படியே விட்டுவைத்த குடும்பம் போல.

பானெட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு 1971 மட்டுமே தெரியும்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பும் நேரம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பிடிக்கிறதா என்று மற்றவர்கள் காதை வைத்திருப்பார்கள். வேலை செய்தவரின் கண் டாக்கோமீட்டர் மேல்தான். புதிய டிரான்சிஸ்டர் அறுக்கும் ஓட்டம் அந்தப் பழைய வளையத்தின் வழியே இன்னும் போகிறதா? ஊசி எழும்ப வேண்டும், நடுங்காமல் எழும்ப வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினின் ஓசையோடு ஒட்டிக்கொண்டே ஏறி, விட்டதும் ஓசையோடு சேர்ந்தே இறங்க வேண்டும். அது நடந்துவிட்டால், மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் மறுபடியும் மண்டியிட்டு, கால்மாட்டுப் பலகையை அதன் பழைய திருகுகளாலேயே மூடுகிறார். திருகின் தலைகள் தேயாமல் இருக்கின்றன. அளவு பார்த்து எடுத்த திருப்புளி.

மூடிய பிறகு இன்னும் ஒரு காரியம். அந்த ஆண்டு வண்டிகளில் சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் மூடி போட்ட கருவிக்குழி இரண்டு உண்டு. அதில் ஒன்றைத் திறந்து, கழற்றிய பாயிண்டையும் அதன் துணையான கண்டென்சரையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பாயிண்டின் இடைவெளியை அளக்கும் அரை மில்லிமீட்டர் தகடு ஒன்றையும் கூடவே வைத்து, நூலால் கட்டி உள்ளே வைக்கிறார்.